நாயை அளந்து கூண்டு செய்வோம்: பெரிய நாய்களின் பயணக் கூண்டு பற்றி ஓர் ஆய்வு

பெரிய நாயோடு ஊர் மாறப் போகிறோம் என்று சொன்னதும் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "நாய் எத்தனை கிலோ?" என்பதுதான். எடையைச் சொன்னால் அதற்கேற்ற பெட்டி வரும். இணையத்தில் வாங்குவோரும் அட்டையில் அச்சிட்ட கிலோவைப் பார்த்தே பணம் கட்டுகிறார்கள். பெட்டி வீட்டுக்கு வந்து நாய் உள்ளே போன பிறகுதான் தலை கூரையில் இடிப்பதும், திரும்ப இடமில்லாமல் அது பின்னங்கால் வைத்து வெளியேறுவதும் தெரிகிறது. அதற்குள் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் மீதமிருக்கும். எப்படியாவது சமாளிக்கலாம் என்று நாயை உள்ளே திணிக்கிறார்கள்.

இந்தத் தவறைத் தவிர்ப்பது கடினமல்ல. எந்தப் பயணத்துக்குக் கூண்டு வேண்டும், என்ன அளவு, எந்தப் பொருளில், யார் செய்வது, நாயை அதற்கு எப்படிப் பழக்குவது என்ற ஐந்து கேள்விகளுக்கும் தெளிவான விடைகள் உள்ளன. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியையும், அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையையும் மையமாக வைத்து அந்த விடைகளை இங்கே தொகுத்துப் பார்க்கலாம். இந்த மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. சின்னசேலமோ உளுந்தூர்பேட்டையோ போனால் ரயில். சென்னையோ திருச்சியோ போனால் விமானம். ஆகவே இங்கிருந்து தொலைதூரம் போகும் நாய் பெரும்பாலும் சாலை, ரயில், விமானம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வழிக்கும் கூண்டின் தேவை வேறு.

எடை ஏன் ஏமாற்றுகிறது?

தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நாட்டு நாய்களான ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவை உயர்ந்த கால்களும் ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறும் கொண்டவை. ராஜபாளையம் நாய் தோள்பட்டை வரை 65 முதல் 75 செ.மீ. உயரம் நிற்கும். இந்திய அஞ்சல் துறை 2005இல் நாய் இனங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இந்த இனத்துக்குக் கிடைத்தது. வேட்டைக்கும் காவலுக்கும் உருவான உடல் இது. ஓடுவதற்கு ஏற்றபடி சதை குறைந்தது. உயரத்தோடு ஒப்பிட்டால் எடை மிகக் குறைவு.

கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கூண்டுகளோ லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற திரண்ட உடலுள்ள நாய்களை மனத்தில் வைத்து எடை குறிக்கப்பட்டவை. உலகெங்கும் விற்கும் வேரி கென்னல் வகையை எடுத்துக்கொள்வோம். அதில் 36 அங்குலப் பெட்டி ஏறத்தாழ 23 முதல் 32 கிலோ நாய்க்கு என்று விற்கப்படுகிறது. அதன் வெளி அளவு நீளம் 91, அகலம் 63, உயரம் 68 செ.மீ. அடுத்த 40 அங்குலப் பெட்டி 102, 69, 76 செ.மீ. மிகப் பெரியதான 48 அங்குலப் பெட்டி 122, 81, 89 செ.மீ. 28 கிலோ எடையுள்ள ராஜபாளையம் நாய்க்கு எடைக் கணக்குப்படி முதல் பெட்டிதான் வரும். தோள்பட்டையே 70 செ.மீ. உயரத்தில் இருக்கும் நாய்க்கு 68 செ.மீ. பெட்டி! அதில் அது ஒருபோதும் நிமிர்ந்து நிற்க முடியாது.

நான்கு அளவுகள்

சரியான வழியைப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் உயிருள்ள விலங்குகளுக்கான விதிகள் எளிமையாக வகுத்திருக்கின்றன. விமானத்துக்காக எழுதப்பட்டதானாலும் காருக்கும் வேனுக்கும் இதைவிட நல்ல கணக்கு இல்லை. நாயைச் சமதரையில் இயல்பாக நிற்க வைத்து, தையல்காரர் டேப்பால் நான்கு அளவுகளை எடுக்க வேண்டும்.

அ: மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை நீளம். வாலைச் சேர்க்கக் கூடாது.

ஆ: தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை மூட்டு வரை உயரம்.

இ: தோள்பட்டைகளின் குறுக்கே, உடலின் மிக அகன்ற இடத்தின் அகலம்.

ஈ: தரையிலிருந்து தலை உச்சி வரை உயரம். காது நிமிர்ந்திருந்தால் காது நுனி வரை.

கூண்டின் உள்நீளம், அ-வுடன் ஆ-வில் பாதியைக் கூட்டினால் வருவது. உள் அகலம், இ-யின் இரு மடங்கு. உள் உயரம் ஈ; அதோடு கீழே விரிக்கும் துணியின் தடிமனையும் சேர்க்க வேண்டும். பக், புல்டாக், பாக்சர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஒவ்வொரு அளவிலும் 10 சதவீதம் கூட்ட வேண்டும்.

இரண்டு நாய்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 32 கிலோ லாப்ரடார் ஒன்றுக்கு அ 82, ஆ 30, இ 28, ஈ 68 செ.மீ. என்றால் கூண்டு 97 நீளம், 56 அகலம், 68 உயரம். 40 அங்குலப் பெட்டி போதும். 28 கிலோ ராஜபாளையம் ஒன்றுக்கு அ 100, ஆ 38, இ 24, ஈ 88 என்றால் கூண்டு 119 நீளம், 48 அகலம், 88 உயரம், அதற்கு மேல் விரிப்பின் தடிமன். எடை குறைந்த நாய்க்குத்தான் பெரிய கூண்டு வேண்டியிருக்கிறது. அதற்கு 48 அங்குலப் பெட்டியும் பற்றாது, 89 செ.மீ. என்பது வெளி உயரம், உள்ளே சில செ.மீ. குறைந்துவிடும். அகலத்திலோ ஏறத்தாழ 30 செ.மீ. வீணாகிறது.

நம் நாட்டு நாய்களைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மையமான முடிவு இதுதான். உயர்ந்த, நீண்ட, ஒடுங்கிய உடலுக்கு உயர்ந்த, நீண்ட, ஒடுங்கிய கூண்டு வேண்டும். ஆயத்தப் பெட்டிகளில் அந்த வடிவம் கிடைப்பது அரிது.

சட்டம் என்ன சொல்கிறது?

கூண்டின் அளவு விருப்பம் சார்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு அப்படி விடவில்லை. விலங்கு நியாயமாக அசைந்து நடமாடுவதற்குப் போதுமான உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் அதை அடைப்பது அந்தப் பிரிவின்படி வதை. தேவையற்ற வலியும் துன்பமும் உண்டாகும்படி வாகனத்தில் ஏற்றிச் செல்வதும் வதையே.

இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் நாய்க்கும் பூனைக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கின்றன. பயணத்துக்குத் தகுதியான உடல்நிலையில் நாய் இருக்கிறது, தொற்றுநோய் அறிகுறி எதுவும் இல்லை என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். அந்தச் சான்று இல்லையென்றால் ஏற்றிச் செல்பவர் மறுத்துவிட வேண்டும். பிரசவம் நெருங்கிய நாயை ஏற்றக் கூடாது. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னதாகவே உணவும் நீரும் கொடுத்து முடித்திருக்க வேண்டும். வழியில் கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீர் தர வேண்டும். ரயிலில் ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமானால் உடன் ஓர் ஆள் போக வேண்டும்.

இவற்றைப் படிக்கும்போதே கூண்டின் அமைப்பு பற்றிய ஒரு முடிவும் கிடைக்கிறது: கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்ற வழியுள்ள கிண்ணம் கூண்டில் இருந்தே ஆக வேண்டும். அறியாத ஊரில், இரைச்சலுக்கு நடுவே, மிரண்ட நாயின் கதவைத் திறப்பது அதைத் தொலைப்பதற்கான வழி.

சாலை: சமவெளியும் மலையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலத்துக்கோ உளுந்தூர்பேட்டைக்கோ போகும் தேசிய நெடுஞ்சாலையில் பயணம் நேரானது. அங்கே ஆபத்து வேகமும் திடீர் பிரேக்கும். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் வேகம் குறைவு. ஆனால் கொண்டை ஊசி வளைவுகள். கல்வராயன் மலையின் ஊர்கள் பலவும் கடல்மட்டத்திலிருந்து 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் இருப்பவை. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில் ஆட்டுக்கும் மரவள்ளிக் கொல்லைக்கும் காவலாக நிற்கும் நாய்கள், கட்டவிழ்ந்து திரிந்து பழகியவை. அடிபட்டோ நோயுற்றோ கீழே மருத்துவமனைக்கு இறங்க வேண்டிய நாளில்தான் பெரும்பாலான மலை நாய்கள் முதல்முறையாக வண்டி ஏறுகின்றன.

வளைவில் திரும்பும்போது நாய் பக்கவாட்டில் சாயும். கூண்டு ஒடுக்கமாக இருந்தால் சுவர் அதைத் தாங்கிக்கொள்ளும். மிக அகலமாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் எறியப்படும். "பெரிதாக இருந்தால் நல்லதுதானே" என்று அளவுக்கு மீறி வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். கூண்டை வண்டியின் போக்குக்கு இணையாக நீளவாக்கில் வைத்து, இருக்கையின் முதுகோடு ஒட்டி, நான்கு மூலையிலும் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாத கூண்டு விபத்தில் நாயையும் சேர்த்து முன்னே எறியும்.

அமெரிக்காவில் 2011இல் தொடங்கப்பட்ட செல்லப்பிராணிகள் பாதுகாப்பு மையம் என்ற அமைப்பு, பொம்மை நாய்களை உள்ளே வைத்துக் கூண்டுகளை மோதல் சோதனைக்கு உட்படுத்தியது. சோதனைகளில் பல கூண்டுகள் இணைப்புகளில் பிளந்தன, கதவு தெறித்தது, கட்டிய பட்டை அறுந்தது. விமானத்தில் ஏற்றுக்கொள்ளப்படும் கூண்டு என்பதாலேயே அது கார் மோதலைத் தாங்கும் என்று கொள்ளக் கூடாது என்பது அங்கே கிடைத்த பாடம். காரில் கூண்டு வைக்க இடமில்லாதபோது, மார்புப் பட்டை மாட்டி இருக்கைப் பட்டியோடு இணைத்துப் பின்னிருக்கையில் கூட்டிச் செல்வது குறுகிய தூரத்துக்குப் போதும். கழுத்துப் பட்டையில் மட்டும் கட்டுவது கூடாது; பிரேக் அடித்தால் கழுத்து முறியும்.

குட்டியானை என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டியில் கூண்டை ஏற்றுவோர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேலே கரியாலூரில் இதமாக இருந்த காற்று, கோமுகி அணைப் பக்கம் இறங்கும்போதே அனலாக மாறிவிடும். நாய்க்கு வியர்வையால் உடல் குளிர்வது மிகக் குறைவு. மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றோட்டம் இல்லாத பெட்டியில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. கூண்டை நேராகத் தார்ப்பாயால் மூடக் கூடாது. கூண்டுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் தார்ப்பாயைக் கட்டி நிழல் மட்டும் விழச் செய்ய வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் பத்து நிமிடத்திலேயே பத்து டிகிரி வரை வெப்பம் ஏறிவிடும் என்பதால், டீ குடிக்க நிறுத்தும் நேரம்கூட ஒருவர் நாயோடு இருக்க வேண்டும். கோடையில் அதிகாலைப் பயணமே நல்லது.

ரயில்: கூண்டு தேவைப்படாத வழி

பெரிய நாயோடு நெடுந்தூரம் போக, கூண்டே இல்லாமல் அமைதியாகப் போகக்கூடிய ஒரே பொதுப் போக்குவரத்து ரயிலின் முதல் வகுப்புதான். ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கையுள்ள கூப்பேயையோ நான்கு படுக்கையுள்ள அறையையோ முழுவதும் தம் பெயரில் பதிவு செய்தவர் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். நாய்க்கு லக்கேஜ் கட்டணம் உண்டு. தடுப்பூசி அட்டையும், பயணத்துக்கு முந்தைய 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வாங்கிய மருத்துவச் சான்றும் பார்சல் அலுவலகத்தில் காட்ட வேண்டும். இரண்டாம் ஏசி, மூன்றாம் ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் பெரிய நாய்க்கு அனுமதி இல்லை.

மற்றொரு வழி, கார்டு பெட்டியோடு சேர்ந்த பிரேக் வேனில் இருக்கும் நாய்ப் பெட்டி. அது ரயிலிலேயே பொருத்தப்பட்ட இரும்புக் கூண்டு. நம் நாய்க்கேற்ப அதன் அளவு மாறாது. மேலே சொன்ன நான்கு அளவுகளையும் கையில் வைத்துக்கொண்டு, பதிவு செய்வதற்கு முன்பே அதே ரயிலின் பெட்டியை நேரில் பார்த்துவிடுவது நல்லது. உயரமான நாய்க்கு அது பொருந்தாவிட்டால் அந்த வழியை விட்டுவிட வேண்டும். பொருந்தினாலும் ரயிலின் இரைச்சலில் தனியாகக் கிடக்கும் நாய்க்கு நிற்கும் நிலையங்களில் தண்ணீர் கொடுக்க ஓடிப் போக வேண்டியிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குச் சின்னசேலம் அருகில் இருந்தாலும், முதல் வகுப்புப் பெட்டியுள்ள ரயில்களைச் சேலத்திலோ விருத்தாசலத்திலோ பிடிப்பது எளிது. அந்த நிலையம் வரை போகும் சாலைப் பயணத்துக்காவது கூண்டோ மார்புப் பட்டையோ வேண்டும்.

விமானம்: விதிகள் இறுகும் இடம்

விமானத்தின் பயணியர் பகுதியில் சிறு நாய்களுக்கு மட்டுமே இடம். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. இந்தியாவில் சில நிறுவனங்கள் நாய்களையே ஏற்பதில்லை. பெரிய நாய் கீழ்த்தளச் சரக்குப் பகுதியில்தான் போகும். அந்தப் பகுதியில் மேலே இருப்பதுபோலவே காற்றழுத்தம் பராமரிக்கப்படுகிறது; ஆனால் கூண்டு விதிக்கு ஒத்துவராவிட்டால் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஐயாட்டா விதிகளின் சாரம் இது. மடக்கும் கம்பிக் கூண்டும் துணிக் கூண்டும் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக், கண்ணாடியிழை, உலோகம், மரம், பிளைவுட் ஆகியவை ஏற்கப்படும். நான்கு பக்கமும் காற்று வர வேண்டும். திறப்புகளின் மொத்தப் பரப்பு நான்கு சுவர்களின் பரப்பில் 16 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கம்பி வலையின் கண் 25 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. மூக்கோ நகமோ மாட்டிக்கொள்ளும். கதவின் கீலும் தாழ்ப்பாள் கம்பியும் சட்டத்துக்குள் குறைந்தது 1.6 செ.மீ. இறங்கியிருக்க வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். நாயோடு சேர்த்து 60 கிலோவைத் தாண்டினால், ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் கரம் நுழைய அடியில் கட்டைகள் வைக்க வேண்டும். உள்ளே உயிருள்ள விலங்கு இருக்கிறது என்பதும், எந்தப் பக்கம் மேலே என்பதும் வெளியே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வலுவான தாடையுள்ள சில காவல் இனங்களுக்கு இரும்பு வலையும் உறுதியான மரமும் கொண்ட தனி வகைக் கூண்டு விதிக்கப்பட்டிருக்கிறது.

பலர் மறந்துவிடுவது விமானத்தின் கதவை. போயிங் 737 வகையின் சரக்குக் கதவு ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்துக்குள் அடங்கியது. மிக உயரமான கூண்டு அதில் நுழையாது. ஏர்பஸ் 320 வகையின் முதன்மைச் சரக்குக் கதவு அதைவிட உயரம். சேலம் போன்ற சிறு நிலையங்களுக்கு வரும் ஏடிஆர் வகைச் சிறு விமானங்களில் இடம் இன்னும் நெருக்கடி. எனவே சீட்டு எடுக்கும் முன் எந்த வகை விமானம் என்று கேட்டு, கூண்டின் வெளி அளவைச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கட்டணத்திலும் வடிவம் பேசும். விமானச் சரக்குக்கு உண்மை எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். நீள அகல உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் கொள்ளளவு எடை வரும். 122க்கு 81க்கு 89 பெட்டிக்கு அது ஏறத்தாழ 147 கிலோ. நம் ராஜபாளையத்துக்கு அளந்து செய்த, வெளி அளவு 125க்கு 60க்கு 100 உள்ள கூண்டுக்கு 125 கிலோ. நாய்க்கு உயரம் கூடுகிறது, கட்டணமோ குறைகிறது.

கள்ளக்குறிச்சித் தச்சர்கள் செய்யலாம்

இந்த இடத்தில்தான் ஊரின் பலம் கைகொடுக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் உருவங்களும் கதவுகளும் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிவரும் கைகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. இழைத்து, மூலை பொருத்தி, நேர்கோணம் பார்த்து வேலை செய்யும் ஊரில் ஒரு நல்ல நாய்க்கூண்டு செய்ய ஆள் தேட வேண்டியதில்லை. இதுவரை அதற்கான அளவுத்தாள்தான் அவர்கள் கைக்குப் போகவில்லை.

எடுத்துக்காட்டில் வந்த ராஜபாளையத்துக்கே கணக்குப் போடுவோம். உள் அளவு 120 நீளம், 55 அகலம், 92 உயரம் என்று சற்றுத் தாராளமாக வைத்தால் ஆறு முகங்களின் பரப்பு ஏறத்தாழ நாலரை சதுர மீட்டர். எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை இரண்டு போதும். நான்கு சுவர்களின் பரப்பு 3.2 சதுர மீட்டர். அதில் 16 சதவீதம் ஏறத்தாழ அரை சதுர மீட்டர். முன்கதவு முழுவதும் வெல்டு மெஷ் வைத்து, மற்ற மூன்று பக்கங்களின் மேல்பாதியில் வலையிட்ட சாளரங்கள் வைத்தால் இந்த அளவு வந்துவிடும். கீழ்ப்பாதி மூடியிருப்பது நாய்க்கு மறைவைத் தந்து அச்சத்தைக் குறைக்கும்.

12 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் சட்டத்தோடு கூண்டு 40 கிலோவை நெருங்கும். நாயோடு 60ஐத் தாண்டிவிடும். ஆகவே அடியில் கட்டைகளைத் தொடக்கத்திலேயே வைத்துவிடலாம். மூலைகளை ஆணியால் அடிக்காமல் இரும்பு எல் பட்டையும் போல்ட்டும் கொண்டு இணைக்க வேண்டும். உள்பக்கம் ஆணிமுனை, சிலாம்பு, கூர்விளிம்பு எதுவும் இருக்கக் கூடாது. வார்னிஷ் அடித்தால் வாடை முற்றிலும் போகும்வரை நாயை உள்ளே விடக் கூடாது. தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு, அதன் மேல் ஈரத்தை உறிஞ்சும் துணி.

வெளிநாட்டுக்கு அனுப்புவோர் ஒன்றை முன்கூட்டியே அறிய வேண்டும். நாடுகளுக்கிடையே போகும் பதப்படுத்தாத மரப் பொதிகளில் பூச்சி பரவாமலிருக்க ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு விதி இருக்கிறது. மரத்தின் உள்மையம் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருக்கும்படி பதப்படுத்தி, அங்கீகரிக்கப்பட்ட முத்திரை குத்த வேண்டும். பசையும் வெப்பமும் அழுத்தமும் கொண்டு செய்த பிளைவுட்டுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் சட்டத்துக்கு வைக்கும் தேக்கு, வேம்பு ரீப்பர்களுக்கும் அடிக்கட்டைகளுக்கும் விலக்கு இல்லை. அவற்றை முத்திரையிட்ட மரத்தில் செய்வது, அல்லது சட்டத்துக்கு அலுமினியக் குழாயும் அடிக்குப் பிளைவுட் அடுக்கும் வைப்பது என்று இரண்டு வழிகள் உண்டு.

உள்ளூர்ச் சாலைப் பயணத்துக்கு மட்டும் என்றால் வெல்டிங் பட்டறையில் செய்த இரும்புச் சட்டக் கூண்டு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் வெயிலில் இரும்பு கொதிக்கும் என்பதால் கூரையும் பக்கங்களும் பிளைவுட்டாக இருக்கட்டும். மடக்கும் கம்பிக் கூண்டு வீட்டில் பழக்குவதற்கும், சென்று தங்கும் இடத்தில் வைப்பதற்கும் நல்லது. ஓடும் வண்டிக்கு அது நம்பத்தக்கதல்ல. துணிக் கூண்டு பெரிய நாய்க்கு எந்த வகையிலும் உதவாது. மிரண்ட நாய் சில நிமிடங்களில் அதைக் கிழித்துவிடும்.

நாயைப் பழக்குதல்

எவ்வளவு நல்ல கூண்டும், அடைபட்டுப் பழகாத நாய்க்குச் சிறைதான். நம் வேட்டை நாய்கள் திறந்த வெளியில் வளர்ந்தவை. பலவும் ஒரே ஆளிடம் ஒட்டியவை. பயணத்தன்று முதன்முதலாக உள்ளே தள்ளிப் பூட்டினால், பல்லும் நகமும் உடையும்வரை கதவைப் பிராண்டும்.

கூண்டைச் சில வாரங்களுக்கு முன்பே வீட்டில், எல்லோரும் நடமாடும் இடத்தில், கதவைக் கழற்றி வைத்துவிட வேண்டும். சோறு அதனுள்ளேயே வைக்கலாம். தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவைச் சில நிமிடம் சாத்தி, மெல்ல நேரத்தைக் கூட்டலாம். பிறகு நின்ற வண்டியில், பிறகு ஓடும் வண்டியில், பிறகு மலைச்சாலையில். நாய் படுத்துத் தூங்கிய பழைய போர்வை ஒன்றை, எசமானின் வாடையோடு, உள்ளே விரிப்பது வெகுவாக அமைதி தரும்.

மயக்க மருந்து கொடுத்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். அது இரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் திறனையும் நிலைதவறாமல் நிற்கும் திறனையும் கெடுக்கும். மயங்கிய நாயை விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். அதனால் புறப்படும் முன் வயிறு முட்டத் தீனி கொடுப்பதை அன்பாகக் கருதக் கூடாது. தாலுகா கால்நடை மருத்துவமனையிலோ, சின்னசேலத்துக்கு மேற்கே தலைவாசலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பயணத்துக்கு முன் இவற்றைக் கேட்டுத் தெளிவது நல்லது.

வெளிநாடு போகும் நாய்க்கு இந்தப் பழக்கத்துக்கான காலம் விதிகளாலேயே கிடைத்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இந்தியாவிலிருந்து போவதானால் முதலில் மைக்ரோசிப், பிறகு வெறிநோய்த் தடுப்பூசி, 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பு. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்கு விதிகளை இறுக்கியிருக்கிறது. தாள்வேலை நடக்கும் அந்த நான்கைந்து மாதங்களில் கூண்டைச் செய்துமுடித்து, நாயை அதில் தூங்கப் பழக்கிவிட முடியும். கூண்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பவர்கள் இந்த அரிய அவகாசத்தை இழக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

இதுவரை பார்த்தவற்றை வரிசைப்படுத்தினால் வழி தெளிவாகிறது. முதலில் பயண முறையை முடிவு செய்ய வேண்டும். முதல் வகுப்பு ரயிலில் போக முடிந்தால் பெரிய கூண்டே வேண்டாம். கூண்டு வேண்டும் என்றால் நான்கு அளவுகளை எடுக்க வேண்டும். லாப்ரடார் போன்ற உடலுக்கு ஆயத்தப் பெட்டி பொருந்தும். உள் அளவைக் கேட்டு வாங்கினால் போதும். ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை போன்ற உயர்ந்த உடலுக்கு அளந்து செய்வதே சரி. வண்டியின் அல்லது விமானத்தின் கதவு அளவை உறுதி செய்த பிறகே மரத்தில் வாள் வைக்க வேண்டும்.

பொதுவாகவும் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். கால்நடை மருத்துவமனைகளில் பயணச் சான்று தரும்போதே நாயின் நான்கு அளவுகளையும் எடுத்து அதில் எழுதித் தரும் வழக்கம் வந்தால், சட்டம் கேட்கும் "போதுமான இடம்" என்பதற்கு ஒரு கண்கூடான அளவுகோல் கிடைக்கும். கூண்டு பொருந்தாத நாயை ஏற்ற மறுக்க ரயில்வே ஊழியருக்கும் வண்டி ஓட்டுநருக்கும் ஓர் ஆதாரம் இருக்கும். இரண்டாவதாக, மரச்சிற்பக் கலைஞர்களின் கூட்டுறவுச் சங்கங்களும் கைவினைப் பயிற்சி மையங்களும் விதிக்கு ஒத்த பிளைவுட் கூண்டின் வரைபடங்களை மூன்று நான்கு அளவுகளில் தயாரித்து, அளந்து செய்து தரும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். சிற்ப வேலை குறையும் மாதங்களில் தச்சர்களுக்கு இது வருமானம். தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் உயரமான நாட்டு நாயோடு புறப்படும் குடும்பத்துக்கு, நாய் நிமிர்ந்து நிற்கக்கூடிய ஒரு கூண்டு எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குக் கள்ளக்குறிச்சி என்று விடை சொல்ல முடியும்.